அப்பா கையெழுத்து வைக்க மறுத்த நாள்

கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போட்டுக் காட்டியிருந்தார்கள். அதற்கு மேலே பத்துப் பன்னிரண்டு வரி, நீலப் பேனாவால், முழுக்கச் சிங்களத்தில். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழை நான் கையெழுத்து வைக்கமாட்டன் தம்பி" என்று தமிழில்தான் சொன்னாராம். எதிரே இருந்த சார்ஜனுக்கு அந்தத் தமிழ் விளங்கவில்லை. பேனா மேசைக்குப் போனது மட்டும் நன்றாக விளங்கிவிட்டது.

அது 2019 ஜூலை. ஈஸ்டர் தாக்குதல் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவசரகாலச் சட்டம் இருந்தது, கொழும்பில் மூலைக்கு மூலை சோதனை. அந்த நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கப் போகவே பயம். அப்படிப்பட்ட நேரத்தில்தான் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் அப்பாவின் பேர்ஸை யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். காசு பெரிதாக இல்லை, அடையாள அட்டை அதற்குள் இருந்தது. புது அட்டைக்கு விண்ணப்பிக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். அதற்காகத்தான் பக்கத்தில் இருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

அப்பா வடமராட்சியில் உப தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகுதான் கொழும்புக்கு என்னிடம் வந்தார். நாலைந்து சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய்வருவார், அதற்கு மேல் தெரியாது. பேனாவைக் கீழே வைத்ததும், "சிங்களம் தெரியாதென்றால் கொழும்பில் என்ன வேலை" என்ற பாணியில் சத்தம் வந்திருக்கிறது. சொந்த முகவரி வடக்கு என்றதும் வேறு கேள்விகள். பிறகு, "அங்கே இரு" என்று வாங்கைக் காட்டிவிட்டார்கள். காலை பத்தேகால் போல உட்கார்ந்த மனிதர், நான் வேலைத்தலத்தில் இருந்து ஓடிப் போகும்போது பிற்பகல் மூன்று மணி தாண்டியும் அதே வாங்கில் இருந்தார். நீரிழிவு உள்ளவர். மதியம் சாப்பிடவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிங்களம் வாசிக்க வரும். அந்தப் பக்கத்தை வாசித்தேன். பேர்ஸ் களவு போனது என்று அப்பா சொன்னதாக அதில் இல்லை. தன் கவனயீனத்தால் தொலைத்துவிட்டதாக எழுதியிருந்தது. மூன்று வருடமாக என் வீட்டில் இருப்பவரைத் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர் என்று குறித்திருந்தார்கள். திருத்தச் சொன்னேன். "எழுதினது எழுதினதுதான், விருப்பமென்றால் கையெழுத்து வை, இல்லாவிட்டால் போகலாம்" என்றார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பிரதி கிடைக்கவில்லை. ஓட்டோவில் வீடு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஒன்பது நாளை நான் வீணாக்கினேன். தெரிந்தவர் மூலமாக ஓர் அரசியல்வாதியின் இணைப்பாளரைப் பிடித்து, அவர் ஒருவருக்கு போன் போட்டு, அந்த ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி... எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன வழி இது. யாரையாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எலும்பில் ஊறிவிட்டது. ஒன்பதாம் நாள் மாலை, தொடர்மாடியில் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு சட்டத்தரணியை லிஃப்டில் கண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எத்தனையாம் திகதி நடந்தது?" என்றுதான். சொன்னேன். விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு மாதத்தில் ஒன்பது நாள் போச்சு பிள்ளை" என்றார்.

அந்த ஒரு மாதக் கணக்கு எனக்கு அதுவரை தெரியாது. இதை வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். அரச அதிகாரி ஒருவரின் செயலால் உங்கள் அடிப்படை உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி நேரே உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். மொழி உரிமை மீறலுக்கும் அதே கதவுதான். ஆனால் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அரச அதிகாரிகளின் உரிமை மீறல்களை விசாரிப்பதற்கென்று மனித உரிமைகள் ஆணைக்குழு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்கான சட்டத்தின் 13ஆம் பிரிவு இதில் ஓர் இடைவெளி தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். மாதம் முடிந்தபிறகு ஆணைக்குழுவுக்குப் போனால் இந்தச் சலுகை இல்லை. ஆணைக்குழுவில் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன் என்பது மட்டும் போதாது, அங்கே உண்மையில் விசாரணை நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ஆகவே முறைப்பாட்டு இலக்கம், ஆணைக்குழு அனுப்பும் கடிதங்கள், விசாரணைக்கு அழைத்த திகதி எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டுவைக்க வேண்டும்.

அப்பாவுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. முப்பது வருடம் திகதி முத்திரை குத்திய கை அது. அன்று இரவே ஒரு பழைய கோவையை எடுத்து முதல் பக்கத்தில் திகதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதத் தொடங்கினார். அந்த வாங்கில் இருந்து வந்தபிறகு அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் தெரிந்தது அப்போதுதான்.

ஆனாலும் அவருக்கு ஒரு சந்தேகம். "அதையும் அரசாங்கம்தானே நடத்துது? பொலிசும் அரசாங்கம். ஒராளைப் பற்றி மற்றாளிட்டைச் சொல்லி என்ன வரப்போகுது?" நியாயமான கேள்வி. சட்டத்தரணி ஐயா அதை லேசாகத் தட்டிக்கழிக்கவில்லை, இருந்து சொன்னார். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது இந்த ஆணைக்குழு. ஐந்து உறுப்பினர்கள், மூன்று வருடப் பதவிக்காலம். பணம் அரசினுடையதுதான், ஆனால் எந்த அமைச்சுக்கும் கீழ்ப்பட்டதல்ல. இப்படியான அமைப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1993இல் ஏற்றுக்கொண்ட பாரிஸ் கோட்பாடுகள் இருக்கின்றன, உலகம் முழுக்க அதை வைத்துத் தரம் போடுகிறார்கள். இந்த உறுப்பினர்களைப் பரிந்துரைக்க வேண்டிய அரசியலமைப்புப் பேரவை இயங்காத காலத்தில் ஜனாதிபதி நேரே உறுப்பினர்களை நியமித்தார். அதற்குப் பிறகு 2007இல் எங்கள் ஆணைக்குழு ஏ தரத்தில் இருந்து பி தரத்துக்கு இறங்கியது. மறுபடி ஏ தரம் கிடைத்தது 2018இல். "அப்ப யார் நியமிக்கினம் எண்டதிலைதான் எல்லாம் இருக்குது" என்றார் அப்பா. அதை விட எளிமையாக நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறை அரசியலமைப்பைத் திருத்தும்போதும் அந்தப் பேரவையின் கதி என்ன என்று நான் இப்போது செய்தியில் தேடிப் பார்ப்பதற்குக் காரணம் அவர்தான்.

பதின்மூன்றாம் நாள் ஆணைக்குழுவுக்குப் போனோம். தலைமையகம் கொழும்பு 4இல், ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் 14ஆம் இலக்கம். எங்கள் ஆட்கள் இன்னும் டுப்ளிகேஷன் ரோட் என்றுதான் சொல்வார்கள், ஓட்டோக்காரரிடமும் அப்படியே சொல்லலாம். கட்டணம் கிடையாது. சட்டத்தரணி தேவையில்லை. தமிழில் எழுதலாம், தமிழில் பேசலாம். பாதிக்கப்பட்டவர் வர முடியாவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்முனை, கண்டி, பதுளை போன்ற இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கே இருப்பவர்கள் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை.

அப்பா ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முத்து முத்தான எழுத்து. நான் வாசிக்கவில்லை, அவரும் காட்டவில்லை. முறைப்பாட்டை எடுத்த இளம் பெண் உத்தியோகத்தர் முதல் பக்கத்தை வாசித்தார், இரண்டாம் பக்கத்தை வாசித்தார், பிறகு மெதுவாக நிமிர்ந்து, "ஐயா, அண்டைக்கு அந்த ஸ்டேஷனிலை நடந்ததை மட்டும் முதல் சொல்லுங்கோ" என்றார். எட்டிப் பார்த்தேன். அப்பா 1983 ஜூலையில் இருந்து தொடங்கியிருந்தார். அப்போது கொழும்புக்குப் பயிற்சிக்கு வந்திருந்தவர், கப்பலில் ஊருக்குப் போனவர். மூன்றாம் பக்கத்தில் 2007 ஜூன் 7. அன்று அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை, 300 பேருக்கு மேல், பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. மாமி அப்போது விசாவுக்காகக் கொழும்பில் நின்றவர். பக்கத்து லொட்ஜில் கதவு தட்டிய சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். முறைப்பாட்டுப் புத்தகமும் பென்சில் புள்ளடியும் நாலாம் பக்கத்தின் நடுவில்தான் வந்தன.

அந்தப் பிள்ளை கடிதத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. "இதை நீங்கள் பத்திரமா வைச்சிருங்கோ ஐயா. நாங்கள் இப்ப ஒரு சம்பவத்தைத்தான் விசாரிக்கேலும்" என்றார். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஐந்து பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, புதுத் தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதினார். என்ன நடந்தது, எந்தத் திகதி, எத்தனை மணியில் இருந்து எத்தனை மணிவரை, எந்த நிலையம், யார், யார் சாட்சி, என்ன வேண்டும். இவ்வளவுதான் முறைப்பாட்டுக்குத் தேவை. அதற்கு முந்தைய காயமெல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. அவை எழுதப்பட வேண்டியவை. ஆனால் எதிர்த் தரப்பு ஒரு பதில் எழுதித் தப்பிக்க முடியாதபடி ஒரு சம்பவத்தைப் பிடித்து நிறுத்துவது வேறு வேலை. பிறகு நான் எத்தனையோ பேருக்கு முறைப்பாடு எழுத உதவியிருக்கிறேன். எல்லோரும் முதலில் தங்கள் வாழ்க்கையைத்தான் எழுதுவார்கள். நான் அதை முழுக்க வாசித்துவிட்டுத்தான் வெட்டச் சொல்வேன். வாசிக்காமல் வெட்டச் சொல்லக் கூடாது.

"என்ன வேண்டும்" என்ற கடைசிக் கேள்வியில் பலரும் தடுமாறுவார்கள். நான் நட்டஈடு, மன்னிப்பு, இடமாற்றம் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா எழுதியது ஒரே வரி: நான் சொன்னது நான் சொன்னபடி என் மொழியில் அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டும், அதன் பிரதி எனக்கு வேண்டும்.

உரிமை என்ற இடத்தில் உத்தியோகத்தர் 12ஆம் உறுப்புரையைக் குறித்தார். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது அதன் முதல் பகுதி. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்பவற்றால் பாகுபாடு காட்டக் கூடாது என்பது இரண்டாம் பகுதி. பிறந்த இடம் என்ற சொல்லில் அப்பா விரலை வைத்து, "இதுவும் இருக்குதே" என்றார், ஏதோ தொலைந்த பொருளைக் கண்டவர்போல. இன்னொரு விஷயமும் அன்று தெரிந்தது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அதிகாரியுடன் தமிழில் தொடர்பு கொள்ளவும், தனக்குத் தரப்படும் ஆவணத்தைத் தமிழிலோ மொழிபெயர்ப்பாகவோ பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மொழிப் பிரச்சினை மட்டும் என்றால் ராஜகிரியவில் உள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் போகலாம், அது 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. எங்கள் விஷயத்தில் மொழியோடு ஐந்து மணிநேர வாங்கும் சேர்ந்திருந்ததால் இங்கேயே கொடுத்தோம்.

கையில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கியபிறகும் அப்பா அடுத்த நாள் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். எனக்கு அது தேவையற்ற வேலையாகப் பட்டது. "தபால் முத்திரை பொய் சொல்லாது" என்றார். இப்போது நானும் எல்லோருக்கும் பதிவுத் தபாலைத்தான் சொல்கிறேன்.

ஆணைக்குழு பொலிஸ் நிலையத்திடம் அறிக்கை கேட்டது. அறிக்கையின் பிரதி எங்களுக்கு வந்தது, அதற்கு நாங்கள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையை வாசித்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. முறைப்பாட்டாளர் தானாகவே ஒத்துழைக்க மறுத்ததாகவும், சுமார் அரை மணிநேரத்தில் தானாகவே வெளியேறிவிட்டதாகவும் இருந்தது. சட்டத்தரணி ஐயாவோ அதை வாசித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "எழுதித் தந்திட்டினம் பார். இனி மாத்தேலாது" என்றார். எனக்கு அப்போதுதான் இந்த ஆணைக்குழுவின் பலம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. வாங்கில் இருந்த மனிதருக்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. ஆணைக்குழுவுக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். எழுதிய பதிலைச் சோதித்துப் பார்க்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அதற்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. அவமதித்தால் உயர் நீதிமன்றம் தண்டிக்கலாம்.

விசாரணை டிசம்பரில். நீதிமன்றம் மாதிரி ஏதோ கூண்டு இருக்கும் என்று அப்பா நினைத்திருந்தார். சாதாரண அறை, ஒரு மேசை. ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் அந்தச் சார்ஜனும் நிலையத்தில் இருந்து வந்த இன்னொரு அதிகாரியும், நடுவில் ஆணைக்குழுவின் விசாரணை உத்தியோகத்தர். ஜூலையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் போட்டவரும் வாங்கில் இருந்தவரும் ஒரே உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முறைப்பாட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பக்க இலக்கம் அச்சடித்த புத்தகம், கிழிக்க முடியாது. கையெழுத்தில்லாத அந்தப் பதிவு அப்படியே இருந்தது, பென்சில் புள்ளடியும்கூட. மேலே நேரம் 10.20 என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தது. நான் கொடுத்தது என் போனில் இருந்த அழைப்புப் பதிவு: 2.35க்கு அப்பா யாரோ ஒருவருடைய போனில் இருந்து எனக்கு எடுத்தது, 3.12க்கு அந்த நிலைய வாசலில் நின்று நான் தங்கச்சிக்கு எடுத்தது. அரை மணிநேரம் என்று எழுதியிருந்த அறிக்கைக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தார் உத்தியோகத்தர். யாரும் குரலை உயர்த்தவில்லை. நீண்ட நேரம் எவரும் பேசவும் இல்லை.

பெரிய ஆதாரம் ஏதாவது இருந்தால்தான் போகலாம் என்று நினைத்துப் பலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். எங்களிடம் வீடியோ இல்லை, காயம் இல்லை, மருத்துவ அறிக்கை இல்லை. போனில் இரண்டு நேரங்கள் இருந்தன, அவர்களுடைய சொந்தப் புத்தகத்தில் ஒரு நேரம் இருந்தது. சம்பவம் நடந்த அன்றே அழைப்புப் பதிவைப் படமெடுத்து வையுங்கள். பஸ் டிக்கெட், பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். யார் பக்கத்தில் இருந்தார்கள், சட்டையில் என்ன இலக்கம் என்று அன்றிரவே எழுதுங்கள். ஒரு கிழமை போனால் மறந்துவிடும்.

இணக்கமாக முடிக்க விருப்பமா என்று கேட்டார்கள். அது சட்டத்தில் உள்ள வழிதான். இணங்காவிட்டால் ஆணைக்குழு விசாரித்து, உரிமை மீறப்பட்டது என்று கண்டால் உரிய அதிகாரத்துக்குப் பரிந்துரை அனுப்பும். பரிந்துரை என்பது நீதிமன்றக் கட்டளை அல்ல. நிறைவேற்றாவிட்டால் ஆணைக்குழு ஜனாதிபதிக்கு அறிக்கை கொடுக்கும், அது பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படும், அதற்கு மேல் கையைப் பிடித்து இழுக்க அதற்கு அதிகாரம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. நட்டஈடும் கட்டாயக் கட்டளையும்தான் வேண்டும் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வசதி இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம். முறைப்பாடு செய்ய ஏற்பட்ட நியாயமான செலவைத் தரவும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. பஸ் காசையும் அரை நாள் சம்பளத்தையும் எண்ணி வாழ்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை.

அப்பா இணங்கினார். எனக்கு அன்று அது பிடிக்கவில்லை. பரிந்துரை வரும்வரை போயிருக்க வேண்டும் என்று இன்றும் சில நேரம் நினைக்கிறேன். ஆனால் அது அவருடைய முறைப்பாடு, அவர் கேட்ட ஒரு வரி அவருக்குக் கிடைத்தது. தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் முறைப்பாட்டைத் தமிழில் மறுபடி எழுதுவது, பிரதி கொடுப்பது, தமிழில் முறைப்பாடு செய்யலாம் என்று மேசைக்கு மேலே அறிவித்தல் போடுவது. வெளியே படியில் இறங்கும்போது சார்ஜன் அப்பாவின் பக்கம் வந்து, "சமாவென்ன மஹத்தயா" என்றார், மன்னியுங்கள் ஐயா என்று. அப்பாவுக்குத் தெரிந்த நாலைந்து சிங்களச் சொல்லில் அது ஒன்று. தலையை ஆட்டிவிட்டு அந்த மனிதரின் தோளைத் தொட்டார்.

2020 ஜனவரியில் போய்க் கையெழுத்து வைத்தோம். எழுதியவர் மட்டக்களப்புப் பக்கத்து இளம் கொன்ஸ்தாபிள் ஒருவர். அப்பா ஒவ்வொரு வரியாக வாசித்தார். "பேர்ஸ் திருடப்பட்டது" என்பதில் ஒற்று ஒன்று விட்டுப்போயிருந்தது. அதையும் போடச் சொன்னார். கையெழுத்து வைத்து முடித்து, கொடுத்த பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திகதி முத்திரை குத்தேல்லையே தம்பி" என்றார். அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் குத்திக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு இந்த விஷயத்துக்காக என் கதவைத் தட்டுபவர்கள் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் பிரதேச செயலகம், பாடசாலை அனுமதி, ஓய்வூதியம், பொலிஸ். அரச அதிகாரியின் செயல் என்றால் பாதை இருக்கிறது. கைது என்றால் அன்றைய தினமே செயல்பட வேண்டும். 1996 என்ற ஆணைக்குழுவின் அவசர இலக்கத்துக்கு எடுங்கள். சட்டம் வந்த ஆண்டும் அதுதான், மறக்காது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்தால் 48 மணிநேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. தடுத்து வைத்திருக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்க்கவும் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு. சிறைச்சாலைகள் பற்றி அம்பிகா சற்குணநாதன் தலைமையில் ஆணைக்குழு நடத்திய தேசிய ஆய்வு 2020 டிசம்பரில் வெளிவந்தது அந்த அதிகாரத்தை வைத்துத்தான். போனில் சொல்லும்போது பிடிபட்டவரின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வாகனத்தில் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அழுகை வரும், வரட்டும். தாளில் எழுதிவைத்துக்கொண்டு வாசித்தால் அழுதுகொண்டே சொல்லலாம்.

என்னால் உதவ முடியாமல் போனது என்னோடு வேலை செய்த ஒரு முஸ்லிம் தங்கச்சிக்கு. கலியாணம் முடித்து வாடகை வீடு தேடினார். போனில் எல்லாம் பேசி முடித்து, முற்பணமும் சொல்லி, நேரில் போய் நின்றதும் அபாயாவைப் பார்த்துவிட்டு, "வீடு கொடுத்தாச்சு" என்றார்கள். அதே வீட்டு விளம்பரம் அடுத்த இரண்டு கிழமையும் இருந்தது. மூன்று இடத்தில் இதே கதை. தமிழ்ப் பெயரைக் கேட்டதும் விலகிப்போன வீட்டுக்காரர்களை நாங்களும் கண்டிருக்கிறோம். சொல்லப்போனால் தமிழ் வீட்டுக்காரர்கள் அவருக்கு வீடு கொடுக்க மறுத்ததும் அந்த மூன்றில் ஒன்று. அவரைக் கூட்டிக்கொண்டு அதே சட்டத்தரணி ஐயாவிடம் போனேன். ஆணைக்குழு விசாரிப்பது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலை. தனியார் வீட்டுக்காரர், தனியார் கம்பனி முதலாளி அதற்குள் வரமாட்டார்கள். கடை, உணவகம், ஹோட்டல் ஆகியவற்றுக்குள் யாரையும் இனமோ மதமோ பார்த்துத் தடுக்கக் கூடாது என்று 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பகுதி சொல்கிறது, ஆனால் வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

பிரித்தானியாவில் சமத்துவத்துக்கும் மனித உரிமைக்கும் ஒரே ஆணைக்குழு 2007இல் தொடங்கியது, அங்கே 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வீட்டுக்காரரையும் முதலாளியையும் கட்டுப்படுத்தும். அயர்லாந்தில் இரண்டு தனித்தனி அமைப்புகளை 2014இல் ஒன்றாக்கினார்கள். இங்கே எங்களுக்கு மனித உரிமை ஆணைக்குழு இருக்கிறது. தனியாரின் பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச் சட்டம் இல்லை. ஒரு நாட்டில் மனிதர் அவமானப்படுவது அரச மேசையில் மட்டும்தானா? வீட்டு வாசலிலும் வேலைக்கான நேர்முகத்திலும் நடப்பது அதைவிட அதிகம் என்பது கொழும்பில் வாடகை வீடு தேடிய எவருக்கும் தெரியும்.

திரும்பி வரும் வழியில் அந்தப் பிள்ளை கேட்டார், "அக்கா, அப்ப இத எங்க போய்ச் சொல்ற?"

விளம்பரத்தைப் படமெடுத்து வைக்கச் சொன்னேன். போய் நின்ற திகதியையும் நேரத்தையும் அவர்கள் சொன்ன வார்த்தையையும் அன்றிரவே எழுதி வைக்கச் சொன்னேன். எங்கே கொடுப்பது என்று சொல்ல என்னிடம் முகவரி இருக்கவில்லை. அவர் எழுதி வைத்திருக்கிறார்.